மெயினுக்கு முன்னால்

சி மொழி படிக்கும் எல்லோரும் முதலில் எழுதுவது ஒரே நிரலைத்தான். திரையில் ஒரு வணக்கம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கெர்னிகனும் ரிட்சியும் 1978-இல் வெளியிட்ட புத்தகம் பரப்பிவிட்ட வழக்கம் அது. ஐந்தாறு வரி, அவற்றில் உண்மையாக வேலை வாங்கும் வரி ஒன்றே ஒன்று, பிரின்ட்எஃப் என்று தொடங்குவது. இன்றைய லினக்ஸ் கணினியில் கம்பைல் செய்தால் சுமார் 16 கிலோபைட்டில் ஒரு கோப்பு கிடைக்கும். ஓட்டினால் வணக்கம் வரும். ஆனால் அந்த 16 கிலோபைட்டை முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் பிரின்ட்எஃப் அகப்படாது. எழுத்துகளைத் திரைக்கு அனுப்பும் கட்டளைகள் எதுவும் அதில் இல்லை. இருப்பது ஒரு பெயர் மட்டும். இன்னொரு மூலையில், ஓடுவதற்கு சி மொழியின் பொது நூலகமான லிப்சி.எஸ்ஓ.6 என்ற கோப்பு தேவை என்று ஒரு குறிப்பு. (பல சமயம் அந்தப் பெயரும் பிரின்ட்எஃப் ஆக இருக்காது. வெறும் வாக்கியத்தை அச்சிட்டு வரியை முடிப்பதற்கு அவ்வளவு பெரிய செயற்கூறு எதற்கு என்று ஜிசிசி கம்பைலர் தானாகவே புட்ஸ் என்ற சின்னச் செயற்கூறுக்கு மாற்றிவிடும்.)

ஆக, முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கும் நிரல் பாதி நிரல்தான். மீதிப் பாதி ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் புதிதாகத் தேடிப்பிடித்துப் பொருத்தப்படுகிறது. காலையில் பொருத்தியது அந்த ஓட்டம் முடிந்ததும் கலைந்துவிடும். அடுத்த ஓட்டத்துக்கு மறுபடி முதலிலிருந்து. நிரலை எழுதியவர் ஒரு ஊரில், நூலகத்தை எழுதியவர் வேறொரு கண்டத்தில், இருவரும் சந்தித்ததே இல்லை. பெயர் ஒன்றை நம்பி அந்த இரண்டு பாதிகளும் சேருகின்றன.

பிரின்ட்எஃப் ஹெடர் கோப்பில்தானே இருக்கிறது, அதைத்தான் முதல் வரியிலேயே சேர்த்துவிட்டோமே என்று நினைப்பவர்கள் அதிகம். இல்லை. ஸ்டிடிஐஓ என்ற அந்தக் கோப்பு தருவது அறிமுகம் மட்டுமே: இப்படி ஒரு செயற்கூறு உண்டு, அதற்கு இன்னின்ன தரவைக் கொடுக்க வேண்டும், பதிலுக்கு இன்ன வகை வரும். இதை வைத்துக்கொண்டு, அழைப்பு சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று கம்பைலர் சோதிக்கும். சரியென்றால் எந்திர மொழிக்கு மாற்றி, அழைக்க வேண்டிய முகவரி இருக்கும் இடத்தை வெற்றிடமாக விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இப்படி வரும் அரைகுறைக் கோப்புக்கு ஆப்ஜெக்ட் கோப்பு என்று பெயர். வெற்றிடங்களை நிரப்புவது அடுத்து வரும் லிங்க்கரின் வேலை. கணித நூலகத்தைச் சேர்க்காமல் வர்க்கமூலம் கண்டுபிடிக்கப் போய்த் திட்டு வாங்கியவர்களுக்கு லிங்க்கரைத் தெரிந்திருக்கும். கம்பைலர் ஒன்றும் சொல்லாமல் விட்டதை, அந்தப் பெயரில் எதுவும் கிடைக்கவில்லை என்று அது கண்டித்துத் திருப்பி அனுப்பும். விசித்திரம் என்னவென்றால், வர்க்கமூலத்தை 16 என்ற மாறாத எண்ணுக்குக் கேட்டால் பல நேரம் திட்டு விழாது. விடை 4 என்பதைக் கம்பைலரே கணக்குப் போட்டு எழுதிவிடும். நூலகத்தை அழைக்கும் தேவையே வராது. ஒரே நிரல் ஒருவருக்குக் கம்பைல் ஆகி இன்னொருவருக்கு ஆகாமல் போவதன் பின்னால் பெரும்பாலும் இது போன்ற ஒன்று இருக்கும்.

வெற்றிடத்தை நிரப்ப லிங்க்கருக்கு இரண்டு வழி உண்டு. நூலகத்திலிருந்து பிரின்ட்எஃபையும் அது சார்ந்திருக்கும் எல்லாவற்றையும் எடுத்து நம் கோப்புக்குள் நகலெடுத்து வைத்துவிடலாம். அப்படிச் செய்தால் அதே வணக்க நிரல் ஏறக்குறைய 800 கிலோபைட்டாக வீங்கும். ஆனால் யாரையும் நம்பியிருக்காது. நம் ஊர்க் கல்லூரி ஆய்வகங்களில் நெடுங்காலம் ஓடிய டர்போ சி-யில் நடந்தது இதுதான். அதனால்தான் அங்கே படித்து வந்தவர்களுக்கு ஷேர்டு லைப்ரரி (பகிர்வு நூலகம்) என்ற சொல்லே வேலைக்குச் சேர்ந்த பிறகு புதிதாக அறிமுகமானது. இரண்டாவது வழி, நிரப்பாமல் விடுவது. பெயரையும் நூலகத்தின் அடையாளத்தையும் மட்டும் குறித்துக்கொண்டு, ஓடும் நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது.

முதல் வழி கணினியின் வயதுக்குச் சமமானது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணித ஆய்வகத்தில் மாரிஸ் வில்க்ஸ் தலைமையில் உருவான எட்சாக் கணினி 1949 மே 6 அன்று முதன்முதலாக ஓடியது. அடிக்கடி தேவைப்படும் கணக்குகளை ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதிப் பிழை செய்வதைவிட, ஒருமுறை சரியாக எழுதித் துளையிட்ட காகித நாடாக்களாகச் சேமித்துவைத்தார்கள். சைன் வேண்டுமா, அதற்கொரு நாடா. எண்ணை அச்சிட வேண்டுமா, அதற்கொரு நாடா. வேண்டியவர் அந்த நாடாவின் துளைகளைத் தம் நிரல் நாடாவில் பிரதியெடுத்துக்கொள்வார். 1951 வாக்கில் இப்படி 87 துணைநிரல்கள் சேர்ந்திருந்தன. ஒரு சிக்கல் உடனே தலைகாட்டியது: ஒரே துணைநிரல் ஒருவருடைய நிரலில் நினைவகத்தின் 100-ஆம் இடத்தில் உட்காரும், இன்னொருவருடையதில் 300-ஆம் இடத்தில். உள்ளே இருக்கும் முகவரிகள் எல்லாம் தப்பாகிவிடுமே? டேவிட் வீலர் என்ற ஆராய்ச்சி மாணவர் அதே 1949-இல் வெறும் 41 கட்டளைகளில் ஒரு தொடக்க நிரலை எழுதினார். நாடாவைப் படிக்கும்போதே முகவரிகளுடன் தொடக்க இடத்தைக் கூட்டிச் சரிசெய்துகொண்டே போகும் அது. இன்றைய லிங்க்கர்கள் செய்யும் காரியத்தின் சாரம் அந்த 41 கட்டளைகளில் அடங்கிவிட்டது. என் கணக்கில், கணினி வரலாற்றில் மிகக் குறைவாகப் பாராட்டப்பட்ட 41 வரிகள் அவை.

இரண்டாவது வழி வந்தது 1960-களில், மல்டிக்ஸ் இயங்குதளத்தில். எம்ஐடி, பெல் ஆய்வகம், ஜெனரல் எலக்ட்ரிக் மூன்றும் கூட்டாகக் கட்டியது அது. அங்கே ஒரு செயற்கூறின் பெயரை முதன்முதலாகத் தொடும் கணத்தில்தான் அது எங்கே இருக்கிறது என்று தேடிப் பொருத்துவார்கள். அழகான ஏற்பாடு. ஆனால் 1969-இல் பெல் ஆய்வகம் அத்திட்டத்திலிருந்து விலகியபின் தாம்சனும் ரிட்சியும் உருவாக்கிய யூனிக்ஸ், மல்டிக்ஸின் சுமைகளை இறக்கிவைத்தபோது இதையும் சேர்த்து இறக்கிவைத்துவிட்டது. யூனிக்ஸ் நிரல்கள் சின்னவை, நகலெடுத்தால் போயிற்று. நிலைமை மாறியது 1980-களில், சாளரங்களும் சுட்டெலியும் வந்த பிறகு. ஒரு கடிகாரத்தைத் திரையில் காட்டும் அற்ப நிரல்கூடச் சாளரம் வரையும் பெரும் நூலகத்தைத் தனக்குள் நகலெடுத்துச் சுமக்க வேண்டிவந்தது. பத்து நிரல் ஓடினால் நினைவகத்தில் பத்து நகல். சன் நிறுவனம் 1988-இல் வெளியிட்ட சன்ஓஎஸ் 4.0 நாம் இன்று அறிந்த வடிவில் பகிர்வு நூலகங்களைக் கொண்டுவந்தது. லினக்ஸ் 1990-களின் நடுவில், ஈஎல்எஃப் என்ற கோப்பு வடிவத்துக்கு மாறியபோது அதே வழிக்கு வந்தது. அதற்கு முன் லினக்ஸில் ஒவ்வொரு பகிர்வு நூலகத்துக்கும் நினைவகத்தில் ஒரு நிலையான இடம். இரண்டு நூலகங்கள் மோதிக்கொள்ளாமலிருக்க யாராவது உட்கார்ந்து முகவரிகளைப் பங்கிட்டுத் தர வேண்டியிருந்தது.

சொந்தமாக ஒன்றைக் கட்டிப் பார்த்தால்தான் இதன் நெளிவுசுளிவு விளங்கும். வட்டி கணக்கிடும் இரண்டு செயற்கூறுகளை ஒரு கோப்பில் எழுதிக்கொள்வோம். ஜிசிசியிடம் ஷேர்டு என்ற விருப்பத்தையும் எஃப்-பிஐசி என்ற விருப்பத்தையும் கொடுத்தால் லிப்வட்டி.எஸ்ஓ கிடைக்கும். நிரலின் தொடக்கச் செயற்கூறான மெயின் இருக்கும் கோப்பை அதனுடன் இணைக்க, மைனஸ் பெரிய எல் கொடுத்து நூலகம் எந்த அடைவில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். மைனஸ் சின்ன எல் கொடுத்து வட்டி என்று பெயரைச் சொல்ல வேண்டும். முன்னே லிப், பின்னே எஸ்ஓ இரண்டையும் லிங்க்கர் தானே சேர்த்துக்கொள்ளும். பிழை எதுவும் இல்லாமல் நிரல் உருவாகிவிடும். உற்சாகமாக ஓட்டினால், லிப்வட்டி.எஸ்ஓ என்ற கோப்பைத் திறக்க முடியவில்லை, அப்படி ஒரு கோப்பே இல்லை என்று ஒரு செய்தி வரும். கோப்போ கண்ணெதிரே அதே அடைவில் இருக்கும்!

பகிர்வு நூலகங்களைத் தொட்ட அநேகமாக எல்லோரும் இந்த இடத்தில் தலையைச் சொறிந்திருப்பார்கள். விஷயம் எளிது, ஆனால் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நூலகத்தைத் தேடுபவர்கள் இருவர். நிரலைக் கட்டும்போது தேடுவது லிங்க்கர். ஓட்டும்போது தேடுவது டைனமிக் லோடர் என்ற வேறொருவர். பெரிய எல் கொடுத்து நாம் சொன்ன அடைவு லிங்க்கருக்குச் சொன்னது. அவர் அதை லோடருக்குக் கடத்துவதில்லை. லோடர் தமக்குத் தெரிந்த இடங்களில் மட்டும் பார்ப்பார்: நிரலுக்குள்ளேயே எழுதிவைத்த பாதை, எல்டி-லைப்ரரி-பாத் என்ற சூழல் மாறி, எல்டிகான்ஃபிக் என்ற கட்டளை தயாரித்து வைத்திருக்கும் பட்டியல், கடைசியாக லிப், யூஎஸ்ஆர் லிப் போன்ற வழக்கமான அடைவுகள். நாம் நிற்கும் அடைவு இந்த வரிசையில் கிடையாது. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார்கள். யாரோ ஒருவர் பொது அடைவில் போலி லிப்சி ஒன்றைப் போட்டுவிட்டுப் போக, அங்கே நின்றபடி நாம் எதையாவது ஓட்டினால் கதை கந்தலாகிவிடும். விண்டோஸில் நிரல் இருக்கும் அடைவை முதலில் தேடும் பழக்கம் உண்டு. அதன் வழியே போலி டிஎல்எல் கோப்புகளை (விண்டோஸின் பகிர்வு நூலகங்கள் இவை) நுழைத்த தாக்குதல்கள் ஏராளம்.

தீர்வாகப் பலரும் முதலில் எடுப்பது சூழல் மாறியைத்தான். சோதித்துப் பார்க்கும் வரை அது சரி. அதையே லாகின் கோப்பில் நிரந்தரமாக எழுதிவைப்பது மட்டும் வேண்டாம். நம் நிரலுக்காகச் சொன்ன அடைவை அந்தக் கணக்கில் ஓடும் எல்லா நிரலும் தேடத் தொடங்கும். ஆறு மாதம் கழித்து, சம்பந்தமே இல்லாத ஒன்று உடையும்போது காரணம் யாருக்கும் நினைவிருக்காது. நிரலும் நூலகமும் சேர்ந்தே பயணிக்கப் போகின்றன என்றால், ஆர்பாத் என்ற விருப்பத்தின் மூலம் நிரல் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பார் என்று நிரலுக்குள் எழுதிவிடுவது உத்தமம். ஆரிஜின் என்ற சிறப்புச் சொல் அதற்காகவே இருக்கிறது. கணினி முழுவதற்கும் பொதுவான நூலகம் என்றால் முறைப்படி நிறுவி எல்டிகான்ஃபிக்கை ஒருமுறை ஓட்டிவிட வேண்டும்.

இனி லோடரைப் பார்ப்போம். இந்தக் கதையில் என்னை மிகவும் வியக்கவைப்பவர் அவர்தான். நிரலின் பெயரைத் தட்டி என்டர் அழுத்தியதும் லினக்ஸ் கெர்னல் கோப்பைத் திறந்து முதல் சில பைட்டுகளைப் பார்க்கிறது. ஈஎல்எஃப் முத்திரை இருக்கிறதா? இருந்தால், உள்ளே ஒரு வரி படிக்கிறது: என்னை ஓட்ட இன்ன லோடர் வேண்டும் என்று அதன் முழுப் பாதை எழுதப்பட்டிருக்கும். கெர்னல் நிரலையும் லோடரையும் நினைவகத்தில் ஏற்றிவிட்டு, கட்டுப்பாட்டை லோடரிடம் கொடுத்து விலகிக்கொள்கிறது. நம் மெயின் இன்னும் விழிக்கவில்லை. லோடருக்கு இங்கே ஒரு தர்மசங்கடம்: அவரும் ஒரு பகிர்வு நூலகம்தான், எந்த முகவரியில் வந்து இறங்கியிருக்கிறோம் என்று அவருக்கே தெரியாது. மற்ற எல்லோரையும் பொருத்திவைக்கும் அவரைப் பொருத்திவைக்க ஆள் இல்லை. ஆகவே எந்த முகவரியையும் நம்பாத மாதிரி மிகக் கவனமாக எழுதப்பட்ட சில வரிகளால் முதலில் தம் முகவரிகளைத் தாமே சரிசெய்துகொள்கிறார். பிறகு நம் நிரல் கேட்கும் நூலகங்களை வரிசையாக ஏற்றுகிறார். அந்த நூலகங்கள் கேட்கும் நூலகங்களையும் ஏற்றுகிறார். ஒவ்வொரு பெயரையும் தேடுகிறார், முகவரியை எழுதுகிறார், நூலகங்களின் தொடக்க வேலைகளை ஓட்டுகிறார். எல்லாம் முடிந்த பின்தான் மெயின் அழைக்கப்படுகிறது. சிறிய நிரலுக்கு இத்தனையும் ஓரிரு மில்லி விநாடிக்குள் நடந்துவிடும்.

ஒரு நிரல் எதையெல்லாம் கேட்கிறது என்று பார்க்க எல்டிடி என்று ஒரு கட்டளை இருக்கிறது. வணக்க நிரலுக்கே மூன்று பெயர் வரும்: லிப்சி, லோடர், மூன்றாவதாக வினோதமான ஒன்று. விடிஎஸ்ஓ என்ற அந்த நூலகத்தை வட்டில் எங்கே தேடினாலும் கிடைக்காது. மணி என்ன என்பது போன்ற அடிக்கடி வரும் கேள்விகளுக்கு நிரல்கள் ஒவ்வொரு முறையும் தன்னிடம் ஓடிவரக் கூடாதென்று கெர்னலே தன் பையிலிருந்து எடுத்து எல்லா நிரலுக்குள்ளும் வைக்கும் நூலகம் அது.

இப்போது ஒரு முரண். நூலகத்தின் ஒரே நகலை நூறு நிரல்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும். அதனால்தானே நினைவகம் மிச்சம். லிப்சி சுமார் 2 மெகாபைட். நூறு நிரல் ஓடினாலும் அதன் கட்டளைகள் நினைவகச் சில்லுகளில் ஒரே ஒருமுறைதான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு நிரலிலும் அது வெவ்வேறு முகவரியில் தெரிகிறது. தாக்குபவர்கள் ஊகிக்க முடியாதபடி அந்த முகவரி ஒவ்வொரு ஓட்டத்திலும் குலுக்கிப் போடவும் படுகிறது. அப்படியானால் கட்டளைகளுக்குள் முகவரியை எழுதவே முடியாது. ஒரு நிரலுக்காக எழுதினால் மற்ற தொண்ணூற்றொன்பதுக்கும் கெட்டுவிடும். விடை: கட்டளைகளைத் தொடாதே. முகவரிகளை எல்லாம் ஜிஓடி என்ற தனி அட்டவணையில் எழுது. அட்டவணை மட்டும் ஆளுக்கொன்று. கட்டளைகள் சொல்வதெல்லாம், நான் இருக்கும் இடத்திலிருந்து இத்தனை பைட் தள்ளி ஓர் அட்டவணை இருக்கிறது, அதன் ஐந்தாவது கட்டத்தில் என்ன முகவரி இருக்கிறதோ அங்கே போ என்பதுதான். எஃப்-பிஐசி என்று நாம் கொடுத்த விருப்பம் கம்பைலரை இப்படி எழுதவைப்பதற்குத்தான். கணினியியலில் எந்தச் சிக்கலையும் நடுவே இன்னொரு சுற்றுவழியைப் போட்டுத் தீர்க்கலாம் என்ற பொருளில் ஒரு பேச்சு உண்டு. அதைச் சொன்னவர் என்று கருதப்படுபவர் அதே டேவிட் வீலர்.

இதிலும் ஒரு சோம்பல் உத்தி இருக்கிறது. பெரிய நிரல் ஆயிரக்கணக்கான செயற்கூறுகளின் பெயர்களைச் சுமக்கும். ஒரு ஓட்டத்தில் அழைக்கப்படுபவை அவற்றில் சிலவே. எல்லாவற்றையும் முன்கூட்டியே தேடுவானேன்? ஊருக்குப் புதிதாக வந்தவர் ஒரு வீட்டைத் தேடும்போது முதல் தடவை முக்கு டீக்கடையில் விசாரிப்பார்; வழி தெரிந்த பின் அடுத்த தடவை நேராகவே போய்விடுவார். அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்திலும் தொடக்கத்தில் இருப்பது டீக்கடையின் முகவரிதான். முதல் அழைப்பு அங்கே போகும். லோடர் பெயரைத் தேடி, உண்மையான முகவரியைக் கட்டத்தில் எழுதிவிட்டு, அழைப்பை அங்கே அனுப்பிவைப்பார். இரண்டாவது அழைப்பிலிருந்து லோடருக்கு வேலை இல்லை. நிரல் ஓட ஓட அட்டவணை தானே நிரம்புகிறது. ஆனால் எழுதக்கூடிய அட்டவணை என்பது தாக்குபவர்களும் எழுதக்கூடிய அட்டவணை. அதனால் இன்று பல லினக்ஸ் வழங்கல்கள் இந்தச் சோம்பலைக் கைவிட்டு, எல்லாப் பெயர்களையும் தொடக்கத்திலேயே தேடி எழுதிவிட்டு அட்டவணையைப் பூட்டிவிடுகின்றன.

பெயரை வைத்துத்தான் பொருத்துகிறார் என்றால், அதே பெயரில் வேறொன்றை முன்னால் நிறுத்தினால்? பொருத்திவிடுவார். எல்டி-ப்ரீலோட் என்ற சூழல் மாறியில் ஒரு நூலகத்தின் பெயரைச் சொன்னால் அதை எல்லாவற்றுக்கும் முன்னால் ஏற்றுவார். ஒரே பெயர் இரண்டு இடத்தில் இருந்தால் முதலில் வந்ததே செல்லும். நினைவகம் ஒதுக்கும் மேலாக் என்ற செயற்கூறை, மூல நிரலில் ஒரு எழுத்தும் மாற்றாமல், வேகமான வேறொன்றால் இப்படி மாற்றுகிறார்கள். பாஸ்வேர்டு மாற்றும் கட்டளை போல, ஓட்டுபவருக்கு இல்லாத அதிகாரத்துடன் ஓடும் நிரல்களிடம் இந்த வித்தை செல்லாது. அங்கே லோடர் உஷாராகி, இந்த வழியில் வெளியாள் யாரையும் உள்ளே விடமாட்டார்.

இந்த வித்தை ஒருமுறை ஒரு பிரபலமான வம்பைத் தீர்த்துவைத்தது. 2010 இறுதியில் ஃபெடோரா 14 என்ற லினக்ஸ் வழங்கல் வந்ததும், இணையக் காணொளிகளில் ஒலி கரகரவென்று சிதைந்தது. அவற்றை ஓட்டிய ஃப்ளாஷ் செருகுநிரலில் யாரும் கைவைக்கவில்லை. மாறியிருந்தது லிப்சி. நினைவகத்தின் ஒரு பகுதியை இன்னொரு பகுதிக்கு நகலெடுக்கும் மெம்காப்பி என்ற செயற்கூறைச் சில செயலிகளில் வேகமாக ஓடும்படி மாற்றி எழுதியிருந்தார்கள். புதியது பின்னாலிருந்து முன்னால் நகலெடுத்தது. இரண்டு பகுதிகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தால் மெம்காப்பியைப் பயன்படுத்தக் கூடாது, மெம்மூவ்தான் பயன்படுத்த வேண்டும் என்பது சி மொழியின் சட்டம். ஃப்ளாஷ் அந்தச் சட்டத்தைப் பல காலமாக மீறிவந்தது. பழைய மெம்காப்பியில் அது வெளியே தெரியவில்லை. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே இதைத் துருவப் புறப்பட்டு, எளிமையான ஒரு மெம்காப்பியை எழுதி ப்ரீலோட் செய்து பார்த்தார், ஒலி சரியாகிவிட்டது. தவறு ஃப்ளாஷுடையது, நூலகம் சட்டப்படிதான் நடந்தது என்று ஒரு தரப்பு வாதிட்டது. பாட்டுக் கேட்கும் பயனருக்கு யார் தவறு என்பது பொருட்டில்லை என்றார் டோர்வால்ட்ஸ். சட்டம் முதல் தரப்பின் பக்கம். நியாயம் டோர்வால்ட்ஸ் பக்கம் என்பேன். மூடிய நிரலான ஃப்ளாஷை வெளியாட்கள் திருத்திக் கம்பைல் செய்ய வழியே இல்லை.

தீர்வு 2011-இல், லினக்ஸின் லிப்சியான ஜிலிப்சியின் 2.14-ஆம் பதிப்பில் வந்தது. இன்றும் லிப்சிக்குள் மெம்காப்பி என்ற பெயர் இரண்டு முறை இருக்கிறது, வெவ்வேறு பதிப்பு முத்திரைகளுடன். பழைய நாளில் கட்டிய நிரல் கேட்டால், படிந்திருந்தாலும் பாதுகாப்பாக நகலெடுப்பதைக் கொடுப்பார் லோடர். புதிதாகக் கட்டியது கேட்டால் வேகமானது. ஒரே நூலகம், கேட்பவரின் வயதைப் பார்த்துப் பதில் சொல்கிறது. நூலகம் அடியோடு மாறி, பழைய நிரல்களுக்கு ஒத்துவராமலே போய்விட்டால் பெயரின் வாலில் உள்ள எண்ணைக் கூட்ட வேண்டும் என்பது முறை. எஸ்ஓ.1 கேட்கும் நிரலுக்கு எஸ்ஓ.2-ஐ லோடர் தரமாட்டார். இரண்டும் அருகருகே இருந்துகொள்ளலாம். விண்டோஸ் உலகில் இந்த ஒழுங்கு வெகுகாலம் இல்லாமல், ஒரு நிரலை நிறுவினால் இன்னொன்று உடையும் நிலை இருந்தது. டிஎல்எல் நரகம் என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

நினைவகம் மலிந்துவிட்ட இந்தக் காலத்தில் பகிர்வு நூலகத்துக்கான முதல் நியாயம் கொஞ்சம் தேய்ந்துவிட்டது. இன்றைய வலுவான நியாயம் பழுதுபார்ப்பு. 2014 ஏப்ரல் 7 அன்று ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தது. இணையத்தின் பெரும்பகுதி ரகசியம் காக்க நம்பியிருந்த ஓபன்எஸ்எஸ்எல் நூலகத்தில் இரண்டு ஆண்டுகளாக அது இருந்திருக்கிறது. தொலைவிலிருந்து ஒருவர் கேட்கக் கேட்க, சர்வரின் நினைவகத்தை ஒவ்வொரு முறையும் 64 கிலோபைட் வரை அள்ளிக் கொடுத்தது. நூலகத்தைப் பகிர்ந்துகொண்ட கணினிகளில் ஒரே கோப்பை மாற்றினால் போதும், அதை நம்பிய அத்தனை நிரலும் திருந்திவிடும். ஆனால் அவற்றை மறுபடி தொடங்கியிருக்க வேண்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கையில் பழைய நூலகமே இருக்கும், வட்டில் அந்தக் கோப்பை அழித்த பின்பும்கூட. நூலகத்தை உள்ளே நகலெடுத்துக்கொண்ட நிரல்களோ ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடித்து மறுபடி கட்டப்பட வேண்டியிருந்தது.

தமிழ் வாசகருக்கு நெருக்கமான உதாரணமும் உண்டு. கொ என்ற எழுத்தின் கொம்பு ககரத்துக்கு முன்னால் தெரிந்தாலும், கோப்பில் ககரம்தான் முதலில் இருக்கிறது. அதை உரிய இடத்துக்கு நகர்த்தி, காலையும் பின்னால் போட்டுத் திரையில் வரையும் வேலையை லினக்ஸ் மேசைக்கணினிகளில் பெரும்பாலும் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற பகிர்வு நூலகம். அதில் ஒரு பிழை திருந்தினால், அந்தப் பொது நகலை நம்பியிருக்கும் உரைத் திருத்தி, கோப்பு உலாவி எல்லாவற்றிலும் தமிழ் ஒரே நாளில் திருந்திவிடும். தமிழ் தட்டச்சு இன்னும் சுவாரசியமானது. பல நிரல்களில் உள்ளீட்டுக்கான நூலகம் நிரல் தொடங்கிய பிறகே, டிஎல்ஓபன் என்ற அழைப்பால், போகிற போக்கில் ஏற்றப்படுகிறது. அந்த நிரலை எழுதியவருக்குத் தமிழ் என்றொரு மொழி இருப்பதே தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இத்தனை நம்பிக்கைக்கும் 2024-இல் ஒரு பெரிய அதிர்ச்சி வந்தது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் பணிபுரியும் ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர், தம் சோதனைக் கணினியில் எஸ்எஸ்எச் வழியாக உள்நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். வேறு யாராக இருந்தாலும் தோளைக் குலுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். அவர் துருவிக்கொண்டே போய், மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தது இதுதான்: கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் எக்ஸ்இசட் தொகுப்பின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ ஒரு ரகசியப் பின்கதவை வைத்திருக்கிறார்கள். சுருக்கும் நூலகத்துக்கும் எஸ்எஸ்எச்சுக்கும் என்ன உறவு? நேரடியாக எதுவும் இல்லை. சில வழங்கல்கள், சேவை தொடங்கிவிட்டது என்று, சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்குத் தகவல் சொல்வதற்காக எஸ்எஸ்எச் சர்வருடன் அதன் நூலகமான லிப்சிஸ்டம்டியைச் சேர்த்திருந்தன. லிப்சிஸ்டம்டி சுருக்கும் நூலகத்தைக் கேட்டது. லோடர் கேட்டதையெல்லாம் ஏற்றினார்.

பின்கதவு நுழைந்த விதம் இந்தக் கட்டுரையில் இதுவரை சொன்னவற்றின் மீதே கட்டப்பட்டது. செயலியின் வகைக்கு ஏற்ப ஒரு செயற்கூறின் பல வடிவங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க, ஏற்றும் நேரத்திலேயே ஒரு துண்டு நிரலை ஓட்டும் வசதி லோடரிடம் இருக்கிறது. மெம்காப்பியின் வேகமான வடிவம் தேர்வாவதும் அதே வசதியால்தான். தாக்குபவர் அந்தத் துண்டில் ஒளிந்துகொண்டார். மெயினுக்கு முன்னால், அட்டவணைக்குப் பூட்டு விழுவதற்கும் முன்னால், அது ஓடியது. கையொப்பம் சரிபார்க்கும் செயற்கூறின் பெயரை லோடர் தேடும் தருணத்துக்காகக் காத்திருந்து, அந்தக் கட்டத்தில் தன் முகவரியை எழுதிவைத்தது. நல்லவேளையாக, அந்தப் பதிப்புகள் பெரும்பாலும் சோதனை நிலை வழங்கல்களை மட்டுமே எட்டியிருந்தன. அதே ஆண்டு வெளியான சிஸ்டம்டியின் 256-ஆம் பதிப்பு சுருக்கும் நூலகங்களை உண்மையாகத் தேவைப்படும்போது மட்டும் டிஎல்ஓபன் மூலம் ஏற்றுகிறது. பின்கதவு அம்பலமாவதற்கு முன்பே எடுத்த முடிவு அது.

இதையெல்லாம் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் உள்ளேயே நகலெடுத்துக்கொள்வோம் என்று ஒரு சாரார் கேம்பிரிட்ஜ் நாடாக் காலத்துக்கே திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். கோ மொழி இயல்பாகவே அப்படித்தான் கட்டுகிறது. ஒரே கோப்பை எடுத்துப் போய் எந்தக் கணினியிலும் ஓட்டலாம் என்பது பெரிய வசதிதான். சிறு கருவிகளுக்கு நானும் அதையே சிபாரிசு செய்வேன். ஆனால் வலையை எதிர்கொள்ளும் நூலகங்களையும் மறையாக்க நூலகங்களையும் அப்படி நகலெடுத்துப் புதைப்பது, அடுத்த ஹார்ட்பிளீட் வரும் நாளில் எங்கெங்கே புதைத்தோம் என்று தோண்டித் தேடுவதில் போய் முடியும். லிப்சியையும் பகிர்வதே நல்லது. அதைப் பராமரிப்பவர்கள் வாக்குத் தவறாதவர்கள் என்பதற்கு அதன் பெயரின் வாலில் இருக்கும் எண்ணே சாட்சி: ஜிலிப்சி 2.0 வெளியான 1997-இல் லினக்ஸ் கணினிகளில் வைக்கப்பட்ட 6 இன்றுவரை 7 ஆகவில்லை.